இடப்பக்கம்

மணிமேகலை ஏறிய பிறகும் ஓட்டுநர் நாராயணப்பன் கம்பெனி பஸ்ஸின் கதவை மூடவில்லை.

ஜூஜுவாடி மேம்பாலத்துக்குக் கீழே மார்கழிப் பனி வெள்ளையாகத் தேங்கியிருந்தது. அத்திப்பள்ளிப் பக்கமிருந்து வந்த லாரிகளின் விளக்குகள் அந்தப் பனிக்குள் மஞ்சள் கறைகளாக ஊறி, பெரிதாகி, உறுமலோடு கடந்து, மறுபடியும் கறைகளாகச் சுருங்கின. டீக்கடைப் புகை, டீசல், சாலையோரம் கொட்டிக் கிடந்த முட்டைக்கோஸ் இலைகளின் அழுகல் எல்லாம் ஒன்றாகக் கலந்து படிக்கட்டு வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தன. நாராயணப்பன் கதவுப் பொத்தானில் கையை வைத்தபடி அவளைத் தாண்டிப் படிக்கட்டைப் பார்த்தார். வயதானவர் ஒருவர் ஏறி முடிக்கக் காத்திருப்பவர்போல் பொறுமையாக இருந்தார். பிறகு தனக்குள் தலையசைத்துக்கொண்டு கதவை மூடினார்.

தனக்குப் பின்னால் யாரோ ஏறியிருக்கிறார்கள் என்று அவளும் நினைத்தாள். வலது வரிசையில் ஜன்னலோரமாக உட்கார்ந்து தலைத் துணியைச் சரிசெய்துகொண்டாள். அறுவை சிகிச்சைக்காக மழித்த முடி இன்னும் சரியாக வளரவில்லை. சிப்காட் நெருங்க நெருங்க பஸ் நிறைந்தது. முன்னால் பெண்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவள் பக்கத்தில் மட்டும் யாரும் உட்காரவில்லை. தலையை முழுக்கத் திருப்பிப் பார்த்தாள். பச்சை ரெக்சின் இருக்கை காலியாகத்தான் இருந்தது. நின்றிருந்த ஒரு பெண்ணிடம் உட்காரச் சொன்னாள். அந்தப் பெண் இருக்கையைப் பார்த்தாள், சங்கடமாகச் சிரித்தாள்.

“பரவால்லக்கா. நான் நிக்கறன்.”

தலையில் அடிபட்டவள் பக்கத்தில் உட்காரப் பயப்படுகிறார்கள் என்று மணிமேகலை நினைத்துக்கொண்டாள். அந்த எண்ணமே அவளைக் கூனிக்குறுக வைத்தது. மீதிப் பயணம் முழுவதும் அவள் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மழைக்காலத்தின் தொடக்கத்தில் பேரிகையில் அம்மா வீட்டு விசேஷம் முடிந்து கணவன் முனிவேலோடு ஸ்கூட்டியில் திரும்பிக்கொண்டிருந்தபோது அது நடந்தது. விளக்கில்லாமல் நின்ற லாரியைக் கடைசி நொடியில் பார்த்து அவன் வண்டியை ஒடித்தான். அவனுக்குத் தோள்பட்டை விலகியது. அவளுக்கு மண்டையின் வலப்பக்கம் பிளந்தது. தக்காளி ஏற்றி வந்த சின்ன யானை எனப்படும் சிறு சரக்கு வண்டியில் ஈரச் சாக்குகளின் மேல் அவளைக் கிடத்தி ஓசூருக்குக் கொண்டுபோனார்கள் என்று முனிவேல் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். கண் விழித்தபோது உலகத்தில் பாதி இல்லாமல் போயிருந்தது.

கண்ணில் குறையில்லை என்றார் டாக்டர். மூளைதான் இடப்பக்கத்தை மறந்துவிட்டது. அந்தப் பக்கம் இருட்டாகத் தெரிந்தால்கூட அங்கே ஏதோ விட்டுப்போகிறது என்று புரிந்திருக்கும். அவளுக்கு இருட்டும் தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் இருப்பது எப்படித் தெரியாமல் இருக்கிறதோ அப்படித் தெரியாமல் இருந்தது. தட்டில் வலப்பாதிச் சோற்றைத் தின்றுவிட்டுக் கை கழுவப் போவாள். முனிவேல் மீதியை வலப்பக்கம் தள்ளி வைப்பான். நெற்றியில் பொட்டு ஒதுங்கிப்போகும். செருப்பு ஒரு காலில் மட்டும் இருக்கும். இடது கை எடுத்து வைத்தால் வைத்த இடத்தில் கிடக்கும், மறந்துபோன பொருள்போல. அதில் வலுக் குறையவில்லை. அவளுக்குத்தான் அது ஞாபகத்துக்கு வராது.

இருந்தும் வேலைக்குப் போக வேண்டும் என்று அவள்தான் பிடிவாதம் பிடித்தாள். வீட்டுக்குள் ஓர் இடத்தில் வைக்கப்பட்ட சாமானாக இருப்பது அவளால் முடியவில்லை. ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள் காவேரி அவளிடம் குழந்தையிடம் பேசுவதுபோல் பேசத் தொடங்கியிருந்தாள். அது இன்னும் தாங்கவில்லை.

கம்பெனி, மோட்டார்களுக்கு அலுமினிய மூடிகள் வார்ப்பது. கடைசிப் பரிசோதனைப் பிரிவில் மணிமேகலைதான் மூத்தவள். வெடிப்பு, ஊசித்துளை, பிசிறு எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது என்று பெயர். இப்போது ஒரு மாதம் பார்ப்போம் என்றார்கள். சூப்பர்வைசர் திருமலை அதைத் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

பக்கத்து மேசை வஜிஹா அவளைவிட இளையவள், அவளிடம் வேலை கற்றவள். மருத்துவமனையில் சொல்லிக் கொடுத்ததைக் கேட்டு, மேசையின் இடது ஓரத்தில் சிவப்பு டேப்பை நீளமாக ஒட்டினாள். சிவப்பு கண்ணில் படும் வரைக்கும் தலையைத் திருப்ப வேண்டும். அதுவரை மூடிகள் அடுக்கிய தட்டு முடியவில்லை என்று அர்த்தம். நல்ல மூடிகளில் பச்சை மார்க்கரால் ஒரு புள்ளி வைப்பார்கள். முதல் நாட்களில் மணிமேகலை சிவப்பை மறந்துபோனாள். அவள் அனுப்பிய தட்டுகளில் இடப்பாதி தொடப்படாமலே இருந்தது. திருமலை பார்ப்பதற்கு முன் வஜிஹா அவற்றை இழுத்துத் தானே முடித்தாள். வஜிஹாவின் முதுகு குனிவதைப் பார்க்கும்போதெல்லாம் மணிமேகலைக்கு அங்கேயே செத்துவிடலாம்போல் இருந்தது.

ஒருநாள் சாயங்காலம், ஷிப்ட் முடியும் நேரம். அழுத்த இயந்திரங்கள் ஒவ்வொன்றாக அடங்கிக்கொண்டிருந்தன. கூரைத் தகடுகள் குளிரில் சுருங்கி மெல்லச் சடசடத்தன. வெந்த எண்ணெயும் உலோகத்தூளும் கலந்த, பழகிப்போன வாசனைக்குள் வேறொன்று வந்து கலப்பதை மணிமேகலை உணர்ந்தாள். ஈரச் சாக்கு. நசுங்கிய தக்காளியின் புளிப்பு. அவள் சிவப்பைத் தேடித் தலையைத் திருப்பினாள். தட்டின் நடு வந்தது. தட்டின் விளிம்பு வந்தது. இன்னும் திருப்பினாள். கழுத்து நரம்பு இழுத்தது. சிவப்பு வரவில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் துணி இருந்தது. நனைந்து கறுத்த, மடிப்பு மடிப்பான துணி. உட்கார்ந்திருக்கும் ஒருவரின் மடி.

“யாரு?”

கண்ணை இறுக்கி மூடித் திறந்தாள். சிவப்பு டேப் நேராக, பளிச்சென்று இருந்தது.

மறுநாள் வஜிஹா அவள் தட்டை இழுக்க வந்து நின்றுவிட்டாள். தட்டு முழுவதும் முடிந்திருந்தது. இடது ஓரம் வரைக்கும் பச்சைப் புள்ளிகள். “அக்கா,” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் புள்ளிகளைத் தான் வைத்ததாக மணிமேகலைக்கு நினைவில்லை. நினைவில்லாதது ஒன்றும் அவளுக்குப் புதிதில்லை. அதனால் சிரித்தாள்.

அதற்குப் பிறகு தட்டுகள் தாமே முடிந்தன. அவள் வலப்பாதியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இடப்பக்கம், இல்லாத அந்த இடத்திலிருந்து, நகத்தால் உலோகத்தைத் தட்டிப் பார்க்கும் ஓசை வரும். டிக். அப்புறம் மார்க்கர் நுனி அழுந்தும் ஈர ஓசை. மூக்கில் சளி அடைத்தவர்கள் விடுவதுபோல் மெல்லிய விசில் கலந்த மூச்சு. வஜிஹாவின் மேசையிலிருந்து வருகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வஜிஹா வலப்பக்கம் இருந்தாள்.

திருமலை இப்போது அவள் முகத்தைப் பார்த்துப் பேசினார். முன்னைவிட வேகம் என்றார். ஒரு பழுதுகூடத் தப்பவில்லை என்றார். மாதம் முடியும் முன்பே வேலை உறுதியாகிவிட்டது. இதை யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது? சொன்னால் மூளை இன்னும் சரியாகவில்லை என்பார்கள். வீட்டுக்கு அனுப்புவார்கள். மறுபடியும் அந்தச் சாமான். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

வீட்டில் தட்டு காலியாகத் தொடங்கியது.

முனிவேல் அதை முதலில் கவனித்தான். அவன் எதையும் தள்ளி வைக்க வேண்டியிருக்கவில்லை. இடப்பக்கத்துச் சோறு, ஓரத்தில் வைத்த ஊறுகாய் எல்லாம் துடைத்தாற்போல் போயிருந்தன. அன்றைக்கு அவன் தான் ஓட்டும் ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய் இனிப்பு வாங்கி வந்து, அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தான். மணிமேகலை நடுவில் நின்று எல்லோருக்கும் தலையாட்டினாள். அவள் வயிறு பாதிதான் நிறைந்திருந்தது. ஒவ்வொரு வேளையும் பாதிதான். முகம் ஒட்டிப்போயிற்று. ரவிக்கை தொளதொளத்தது. உடம்பு இளைத்து நல்ல தோற்றம் வந்திருக்கிறது என்றாள் எதிர்வீட்டு மாதேஸ்வரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முனிவேலிடம் கேட்டாள். அந்த வண்டியில் என்னைக் கொண்டுபோனபோது என் பக்கத்தில் யார் இருந்தார்கள்?

மழை, சத்தம், அவனுக்கும் தோள் வலி, பாதி மயக்கம். நினைவுபடுத்திக்கொண்டு சொன்னான்.

“ஒரு அம்மா ஏறுனாங்க. எந்த ஊருன்னு தெரியல. முழுக்க நனைஞ்சிருந்தாங்க. உன் எடது கையப் புடிச்சாங்க, ஆஸ்பத்திரி வர்ற வரைக்கும் விடவே இல்ல. எறங்கினதும் கும்புடலாம்னு பாத்தன். ஆளக் காணோம்.”

“மொகம் எப்புடி இருந்துச்சு?”

“குனிஞ்சே இருந்தாங்க, மணி.” அவன் கண் கலங்கியது. “அவங்க இல்லன்னா நீ இல்லன்னு நெனச்சுக்குவன்.”

அவள் மடியில் கிடந்த இடது கையை வலது கையால் எடுத்துப் பார்த்தாள். நகக்கண்களில் பச்சை மை ஒரு துளிகூட இல்லை. தட்டின் இடப்பாதியில் தினமும் புள்ளி வைத்தது இந்தக் கை என்றால் மை இருந்திருக்கும். வலது கை விரல்களில் தேய்த்தாலும் போகாத கறை இருந்தது. இடது கை குழந்தையின் கைபோலச் சுத்தமாக இருந்தது.

வேலை உறுதியானதற்கு அடுத்த வாரம், ஒரு காலையில், காவேரிக்கு ரெட்டைச் சடை போட உட்கார்ந்தாள். அடிபட்டபின் அவள் அதைச் செய்ததில்லை. வலப்பக்கச் சடையைத் தட்டுத் தடுமாறிப் போட்டு ரிப்பன் கட்டினாள். முடிந்தது என்று நினைத்து எழுந்தாள். காவேரி எழுந்து திரும்பினாள். மணிமேகலை தலையைத் திருப்பி இரண்டு பக்கமும் பார்த்தாள். வலப்பக்கச் சடை தளர்ந்து, பிசிறாக, ஒரு பக்கம் சாய்ந்து தொங்கியது. இடப்பக்கச் சடை கயிறு முறுக்கியதுபோல் இருந்தது. ஒரு முடிகூட வெளியே இல்லை. அந்தப் பக்கத்து நெற்றித் தோல் இழுபட்டு, புருவம் மேலேறி, கண் நீண்டிருந்தது.

“இந்தப் பக்கம் மட்டும் ஏம்மா அவ்ளோ இறுக்கற? வலிக்குது.”

மணிமேகலை அவளைக் கட்டிக்கொண்டாள். வலது கையால். வலது கையால் மட்டும்.

“அம்மா,” என்றாள் காவேரி, அவள் தோளில் முகம் புதைத்தபடி. “கை ஏன் இவ்ளோ ஈரமா இருக்குது? முதுகெல்லாம் நனையுது.”

அன்றைக்குக் கம்பெனியில் அவள் ஒரு காரியம் செய்தாள். தட்டு வந்ததும் இடது கையை எடுத்து மடியில் வைத்து, வலது கையால் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். இரண்டு கைகளும் கண் முன்னால். எதையும் தொடவில்லை. தட்டை மட்டும் பார்த்தாள். அலுமினிய மூடிகள் வெள்ளை வெளிச்சத்தில் பளபளத்தன. இயந்திரங்கள் இடித்துக்கொண்டிருந்தன.

டிக்.

அவள் மணிக்கட்டை இன்னும் இறுக்கினாள்.

டிக். ஈர ஓசை. டிக்.

தட்டின் நடுவில், அவள் பார்வை முடிகிற இடத்தில், ஒரு மூடியின் மேல் பச்சைப் புள்ளி இருந்தது. முன்பு இல்லை. அதற்கு இப்பால் இன்னொன்று. அது நடுக்கோட்டைத் தாண்டிவிட்டது. வலப்பக்கம் வந்துகொண்டிருந்தது.

கத்தியிருக்கிறாள்போல. வஜிஹா ஓடி வந்தாள். ஓய்வறைக்கு அழைத்துப் போய்த் தண்ணீர் கொடுத்தாள். மணிமேகலை அவளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். தட்டை, சோற்றை, சடையை. செய்வது தான் இல்லை, வேறு யாரோ. வஜிஹா கடைசி வரை கேட்டாள். அவள் முகத்தில் இரக்கம் இருந்தது. அது மட்டும் இருந்திருந்தால் மணிமேகலை தாங்கியிருப்பாள்.

“அக்கா, நீங்கதான் வைக்கறீங்க. நான் தெனமும் பாக்கறன். உங்க எடது கை எங்க கையெல்லாம் விட வேகமாப் போவுது.”

“என் கை மடியில இருந்துச்சு, வஜிஹா. நான் புடிச்சிட்டு இருந்தன்.”

வஜிஹா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவள் பார்வை மணிமேகலையின் மடிக்கு இறங்கியது. அங்கே வலது கை இடது கையைப் பற்றியிருந்தது. பிறகு அந்தப் பார்வை மெல்ல நகர்ந்தது. இடப்பக்கமாக. மேலே. அங்கேயே நின்றது. அவள் தண்ணீர் தம்ளரைக் கீழே வைத்தாள். எழுந்தாள். திரும்பாமல் பின்பக்கமாகவே நடந்து கதவைத் தாண்டிப் போனாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மணிமேகலை யோசித்தாள். முனிவேலிடம் இன்றைக்கே சொல்லிவிட வேண்டும். வேலை போனால் போகட்டும். பிள்ளை மட்டும் இடப்பக்கம் வரக் கூடாது.

வீட்டில் முனிவேல் வாசலில் யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தான். அவன் வரட்டும் என்று கூடத்தில் சுவரோரம் உட்கார்ந்தாள். இடது தோளைச் சுவரோடு அழுத்தி, இடுப்பை அழுத்தி, முழங்காலை அழுத்தி. சுவருக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு காகிதம்கூட நுழைய இடமில்லை. இடது கை மடியில். வலது கை அதன் மேல். பிடியைத் தளர்த்தவில்லை. டியூப்லைட் ரீங்கரித்தது. குக்கர் எங்கோ பக்கத்து வீட்டில் விசிலடித்தது.

தலைக்குக் குளித்துவிட்டு வந்த காவேரி சீப்போடு வந்து அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். ஈரக் கூந்தல் விரிந்து கிடந்தது.

“இன்னிக்கு வேணாங்கண்ணு. அப்பாகிட்ட போ.”

“அப்பாவுக்கு சிக்கெடுக்க வராதும்மா.”

“சொன்னாக் கேளு. எழுந்திரு.”

காவேரி எழவில்லை. அவள் தோள்கள் தளர்ந்தன. கழுத்து இளகியது. சிக்கு எடுக்கும்போது சுகத்தில் தளர்வதுபோல.

சரக்.

சீப்பின் ஓசை. மேலிருந்து கீழே, நீளமாக.

சரக்.

மணிமேகலை மடியைப் பார்த்தாள். வலது கை. அதற்குள் இடது கை. இரண்டும் அங்கேயே.

தோளில் சுவரின் குளிர்ச்சி இருக்க வேண்டும். இல்லை. சுவர் இளஞ்சூடாக இருந்தது. ஈரமாக. மெத்தென்று. அது மூச்சை உள்வாங்கியது. வெளிவிட்டது. மெல்லிய விசில்.

ஈரச் சாக்கு.

முனிவேல் போனை வைத்துவிட்டு வாசலில் வந்து நின்றான். பார்த்துக்கொண்டே நின்றான். அவன் முகம் பூரித்திருந்தது.

“ரெண்டு கையும் வந்துடுச்சு, மணி,” என்றான். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கொஞ்சம் தள்ளிப் பார்த்தான். “எல்லாம் சரியாயிடுச்சு, இல்ல?”

இல்லை என்று சொல்ல வாய் திறந்தாள்.

“ஆமாங்க,” என்றது அவள் குரல். இடப்பக்கத்திலிருந்து.

முனிவேல் சிரித்துவிட்டு உள்ளறைக்குப் போனான்.

காவேரியின் தலை இடப்பக்கமாகச் சாய்ந்தது. மெதுவாக. யாரோ மடியில் சாய்த்துக்கொள்வதுபோல. இடது காது ஏற்கெனவே மணிமேகலையின் பார்வையில் இல்லை. பின்னந்தலை போயிற்று. வலது காதும் அதிலிருந்த சின்னத் தோடும் ஒரு முறை மின்னின. போயின. மணிமேகலை தலையைத் திருப்பினாள். இன்னும் திருப்பினாள். கழுத்து எலும்பு நெறிந்தது. அவள் திருப்பத் திருப்ப அந்தப் பக்கம் தள்ளிப் போனது.

பிள்ளையைப் பிடிக்க வேண்டும். வலது கையை இழுத்தாள்.

வரவில்லை.

குனிந்து பார்த்தாள். மடியில் கிடந்த கை அவள் விரல்களைச் சுற்றி மூடியிருந்தது. ஈரமான கை. நகக்கண்களில் பச்சை மை. எலும்பு வலிக்கும் இறுக்கம்.

“அம்மா,” என்றாள் காவேரி, தூக்கக் கலக்கத்தில், வெகு தூரத்தில். “இன்னும் கொஞ்ச நேரம்.”

தோள் போயிற்று. முதுகு போயிற்று. பாவாடையின் பூக்கள் ஒவ்வொன்றாகப் போயின. கடைசியில், தரையில் ஊன்றியிருந்த அந்தச் சின்ன வலது கை மட்டும் மிச்சமிருந்தது. விரல்கள் விரிந்து, பயமே இல்லாமல். சிமெண்ட் தரையில் அது மெல்ல, மெல்ல, இடப்பக்கமாக வழுக்கிக்கொண்டு போனது. போன வழியெல்லாம் ஈரம்.